மலைப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கட்டும்

(ஏற்காட்டில் ஆதரவாளர் கூடுகையில் பேசியது)





சேர்வராயன் மலையின் பூர்வ குடிகள் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லுகிறவர்கள். இவர்கள் நோயாளிகளாக வருவதைக் காண்கிறோம். மருத்துவராக, நர்ஸாக வருவது எப்போது?

இதை இரக்கத்தினால் கேட்கவில்லை. டாக்டர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போகும் தாய், தன் ஊர்ப் பெண் கேட்டால் உள்ளதைச் சொல்லுவாள். தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியைப் பாருங்கள். அங்கும் மலையாளி மக்களே. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கி, அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். பிறக்கும் ஆயிரத்தில் 147 சிசுக்கள் மரித்த இடத்தில், அந்த எண்ணிக்கை 20 அளவுக்கு இறங்கியது.

அந்தப் பெண்கள் பெற்றது பயிற்சி. அடுத்தது பட்டம். பெண்களுக்கு மருத்துவம் வருமா என்று சந்தேகித்த காலத்தில், 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922இல் முதல் வகுப்பின் 14 பேரும் தேறினார்கள். இன்று மலைப் பிள்ளைகளைக் குறித்தும் அதே சந்தேகம்!

கதவு இப்போது திறந்திருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. பழங்குடியினருக்கு 1 சதவீத ஒதுக்கீடும் உண்டு. நீட் தேர்வில் இவர்களும் தேற வேண்டும். ஆகவே தகுதி குறைவு என்கிற பேச்சுக்கு நாங்கள் செவிகொடுப்பதில்லை.

பாடு பிறகுதான். தமிழில் படித்த பிள்ளையின் கையில் ஆங்கில அனாட்டமிப் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குக் கடிதம் போட்டுச் சந்தேகம் கேட்க முடியுமா? பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்ப பஸ் காசு வேண்டும். சீட்டு கிடைத்த நாளில் சால்வை போர்த்த அநேகர் வருகிறார்கள், எம்.பி.பி.எஸ். முடிய ஐந்தரை வருடம் ஆகிறது, அந்த வருடங்களில் யார் வருகிறார்கள்?

ஆகையால் நாங்கள் கேட்பது இதுவே. ஒரு சபை ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளட்டும். கல்லூரி திறக்குமுன் இரண்டு மாத ஆங்கிலப் பயிற்சி, புத்தகம், வழிச்செலவு. உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியரோ டாக்டரோ இருந்தால், பணத்தைவிட அவருடைய சனிக்கிழமை மாலைகள் எங்களுக்கு வேண்டும். மனமுள்ளவர்கள் தேநீருக்குப் போகுமுன் பெயர் எழுதிக் கொடுங்கள்.