வேதாளத்தின் வினாவும் இணையவழிப் பயிற்சியும்



கதை சொல்லிக் கற்பிப்பது இம்மண்ணுக்குப் புதியதன்று. கல்வியில் நாட்டமற்ற மூன்று அரசிளங்குமரர்களை ஆறே திங்களில் அரசியல் அறிந்தவர்களாக ஆக்குவதாக விஷ்ணுசர்மன் உறுதி கூறும் செய்தி பஞ்சதந்திரத்தின் முகப்பிலேயே அமைந்துள்ளது. அவன் கையாண்ட கருவி கதை ஒன்றே.

இன்று கல்வி, கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் குடிபெயர்ந்துள்ளது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ 2017-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் எனப் பல துறையினரின் பணிப்பயிற்சியிலும் திரை பெரும்பங்கு பெற்றுவிட்டது.

திரையின் முன் அமர்பவர் தனித்திருப்பவர். வகுப்பறையில் மாணவனின் கண் சோர்வதைக் கண்ட ஆசிரியர் குரலை மாற்றுவார். நகைச்சுவை ஒன்றைச் சொல்வார். திரைக்கு அந்தக் கண் இல்லை. 2012-13இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி. நிறுவனமும் இணையத்தில் நடத்திய 17 பாடங்களுக்கு 8,41,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் பெற்றோர் 43,196 பேர். பதிந்தவர் அனைவரும் முடிக்கும் நோக்கோடு வந்தவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பாதி வழியில் ஓசையின்றி எழுந்து செல்வது திரைக்கல்வியில் எத்துணை எளிது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இந்நிலையில் ‘கதை சேருங்கள்’ என்னும் அறிவுரை எங்கும் ஒலிக்கிறது. அதில் உண்மை உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர்களான பவரும் கிளார்க்கும் 1969-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பத்துப் பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்கள் மாணவர்க்குத் தரப்பட்டன. ஒரு சாரார் ஒவ்வொரு பட்டியலின் சொற்களையும் கோத்து ஒரு கதை புனைந்து கற்றனர். மறுசாரார் அதே அளவு நேரத்தில் தம் போக்கில் மனனம் செய்தனர். ஒவ்வொரு பட்டியலையும் முடித்த உடனே கேட்டபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒப்பித்தனர். பன்னிரண்டும் முடிந்தபின் கேட்டபோதோ, கதை புனைந்தோர் 93 விழுக்காட்டுச் சொற்களையும் மற்றையோர் 13 விழுக்காட்டுச் சொற்களையும் நினைவுகூர்ந்தனர். உதிரிப்பூக்களைத் தொடுத்து வைத்த நார், கதை.

இதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. ஹார்ப், மேயர் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் தோன்றும் முறையை விளக்கும் பாடத்தினிடையே, மின்னல் தாக்குண்டோர் பற்றிய சுவையான செய்திகளும் படங்களும் செருகப்பட்டன. அவற்றைப் படித்தவர்கள், வெறும் பாடத்தைப் படித்தவர்களைவிடக் குறைவாகவே பாடத்தின் முதன்மைக் கருத்துகளை நினைவிற் கொண்டனர். சுவை கூடியது, பாடம் குறைந்தது.

இவ்விரு ஆய்வுகளும் முரண்படுவனபோல் தோன்றும். தொல்காப்பியச் செய்யுளியலை நினைவுகூர்ந்தால் முரண் தெளியும். உரைநடை வகைகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் கற்பனைக் கதைக்கும் இடமளிக்கிறார். யானையும் குருவியும் நட்புக் கொண்டதாகச் சொல்லப்படும் கதையை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவார் உரையாசிரியர் பேராசிரியர். அடுத்து நகைமொழியைக் கூறும்போது, அது பொருளோடு சேர்ந்து வரவேண்டும் என்று தொல்காப்பியர் அடை கொடுக்கிறார். அந்த அடையே இன்றைய பயிற்சிக் கதைக்கும் உரைகல்லாகும். பொருளைத் தொடுக்கும் கதை நிலைக்கும். பொருளுக்கு மேல் தூவிய கதை பொருளையே மறைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தடுப்பூசி மருந்துகளை எடுத்துச் செல்லும்போது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் காக்க வேண்டும் என்பது விதி. அதனைத் திரையில் ஒற்றை வரியாகக் காட்டிவிடலாம். பயில்பவரும் படித்து அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுவார். ஆனால், ‘குளிர் மிகுந்தால் மருந்துக்கு நல்லதுதானே’ என்று உள்ளத்தில் உறையும் எண்ணத்தை அவ்வரி அசைக்காது. அதையே கதையாக்குவோம்.

சித்திரை வெயில். கிராமச் செவிலியர் ஒருவர் தொலைவிலுள்ள சிற்றூருக்குத் தடுப்பூசி போடப் புறப்படுகிறார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் உறைபெட்டியிலிருந்து கல்லாய் இறுகிய ஐஸ் பேக்குகளை எடுக்கிறார். வெயிலில் மருந்து கெட்டுவிடுமோ என்று அவர் நெஞ்சு அஞ்சுகிறது. எடுத்த கையோடு மருந்துப் பெட்டியில் அடுக்குவதா? சற்று நேரம் வெளியே வைத்து, வியர்த்து, குலுக்கும்போது உள்ளே நீர் அலம்பும் ஒலி கேட்ட பிறகு அடுக்குவதா?

கதை இங்கே நிற்க வேண்டும். விடையைப் பயில்பவரே கூற வேண்டும்.

உடனே அடுக்குவதைத் தேர்ந்தால் கதை தொடரும். ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலண்ட் போன்ற மருந்துகள் உறைந்தால் ஆற்றல் இழப்பன. உருகிய பின் வெறும் பார்வைக்கு வேற்றுமை எளிதில் புலப்படாது. ஊசி போடப்படும், அட்டையில் நாள் குறிக்கப்படும், தாய் மனநிறைவோடு வீடு திரும்புவாள். குழந்தைக்கு உரிய காப்பு மட்டும் கிட்டாமற் போகலாம். இப்பிழை அக்கறையிலே பிறந்த பிழை. அதை உணர்ந்த செவிலியர் அந்த நீரலம்பும் ஒலியை எளிதில் மறவார்.

இந்த உத்தி விக்கிரமாதித்தன் கதையில் நாம் அறிந்ததே. தோளில் கிடக்கும் வேதாளம் கதையைச் சொல்லி, முடிவில் ஒரு வினாவைத் தொடுக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை சிதறும். கேட்பவன் அங்கே தீர்ப்பளிப்பவனாகிறான். அவன் விடை சொன்னதும் வேதாளம் மீண்டும் முருங்கை மரமேற, அடுத்த கதை பிறக்கிறது. அச்சுநூல் பயில்பவரின் விடைக்காகக் காத்திருக்க இயலாது. இணையப் பாடம் காத்திருக்கும். தவறான விடைக்கும் ஒரு வழி காட்டி, அதன் விளைவைக் காணச் செய்து, யாருக்கும் ஊறின்றி மரத்தடிக்கு மீண்டும் அழைத்து வரும்.

எல்லாவற்றையும் கதையாக்க வேண்டுவதில்லை. மருந்தின் அளவும் ஊசி போடும் வயதும் அட்டவணையில் இருப்பதே நன்று. வேண்டும்போது தேடிப் பார்க்க அதுவே உதவும். இரு வழிகள் பிரியும் இடத்தில், ஒருவர் தாமே முடிவெடுத்தாக வேண்டிய இடத்தில் கதை வரட்டும்.

கவிஞர்களுக்கு இதில் என்ன பணி என்று கேட்கலாம். பயிற்சிப் பாடங்கள் பல, சுற்றறிக்கை நடையில் முகமற்ற குரலில் எழுதப்படுகின்றன. தமிழ் அகப்பாடலோ ஒருவர் கூற்று. ஒரு பொழுதில், ஓர் இடத்தில், ஒருவரை முன்னிறுத்திப் பேசுவது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பவை கவிஞர் கைவந்த கலைகள். தனித்திருந்து திரையை நோக்கும் ஒருவருக்கு அத்தகைய குரலே தேவை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கதையை எழுதுபவர் முதலில் அந்தச் செவிலியரோடு அமர்ந்து, அவர் கை தயங்கும் இடம் எது என்று கேட்டறிய வேண்டும். கற்பனை அதன் பிறகே வரவேண்டும்.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்த இவ்வட்டம், வரும் ஆண்டுகளில் ஒரு தொழிலாளருக்கேனும், ஒரு செவிலியருக்கேனும் பயன்படும் ஒரு பயிற்சிக் கதையைத் தமிழில் எழுதித் தருமாயின், அதுவும் இலக்கியப் பணியே ஆகும்.