ஹோர்முஸ் நீரிணையும் சம்பா வயலும்

பாரசீக வளைகுடாவை ஓமன் வளைகுடாவோடு இணைக்கும் ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆயினும் 2024-ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் வழியே சென்றது. மாற்றுவழி அரிதாகவும் மறிப்பது எளிதாகவும் உள்ள இத்தகைய கடல்வழியை நெருக்குவழி என்பர். தஞ்சையில் பட்டம் பெறும் தலைமுறைக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

வளைகுடாவில் வெளியார் ஆதிக்கம் பெற முயன்றால் படைவலிமை கொண்டும் தடுப்போம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1980 ஜனவரியில் அறிவித்தார். அவ்வாண்டே தொடங்கிய ஈரான்–ஈராக் போரில் எண்ணெய்க் கப்பல்களும் தாக்குதலுக்கு இலக்காயின. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, சுமார் 1,70,000 இந்தியர் அங்கிருந்து மீட்கப்பட்டதும், எண்ணெய் விலையேற்றம் இந்தியாவின் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் கூர்மையாக்கியதும் பலரும் அறிந்தவையே.

அதிகம் பேசப்படாதது எரிவாயு. காற்றிலுள்ள நைட்ரஜனையும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கப்படும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து, அதனைக் கரியமில வாயுவோடு வினைபுரியச் செய்தே யூரியா பெறப்படுகிறது. இந்திய உர ஆலைகள் பெரிதும் இறக்குமதி எரிவாயுவை நம்பியுள்ளன. அதில் கணிசமான பங்கு, மிகக் குளிர்வித்துத் திரவமாக்கப்பட்டுக் கத்தாரிலிருந்து ஹோர்முஸ் வழியே வருவது. சென்னையை அடுத்த மணலி உர ஆலையும் 2019-இல் எண்ணூர் முனையத்தில் இறங்கும் திரவ எரிவாயுவுக்கு மாறியது. கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்றிடங்களில் மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளும் நிலத்தடிச் சேமிப்புகள் உள்ளன. எரிவாயுவுக்கு அவ்வாறான இருப்பு ஏதும் உருவாக்கப்படவில்லை.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு என அரசு நிர்ணயித்து, எஞ்சிய செலவை மானியமாக ஏற்பதால், வளைகுடாப் போர் காவிரி டெல்டா உழவருக்கு விலையேற்றமாகத் தெரிவதில்லை. கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்கக் கூட்டுறவுச் சங்க வாசலில் நீளும் வரிசையாகவும், ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலாகவுமே அது தெரியும். யூரியா வேண்டுமானால் வேறு மருந்தும் வாங்கியாக வேண்டும் என்று சில தனியார் கடைகள் நெருக்குவதும் அத்தகைய நாட்களில்தான். சம்பா பயிர் தூர் கட்டும் பருவத்தில் மேலுரம் இரு வாரம் தள்ளிப்போனால், பிறகு எவ்வளவு இட்டாலும் இழந்த தூர்கள் முழுமையாகத் திரும்புவதில்லை. எரிசக்திப் பாதுகாப்பு, அதாவது தேவையான எரிபொருள் தாங்கக்கூடிய விலையில் தடையின்றிக் கிடைக்கும் நிலை, பெட்ரோல் நிலையத்தோடு முடிந்துவிடுவதில்லை. காவிரியில் கடைமடைக்காரர் எவ்வாறோ, உலக எரிவாயு வழியில் டெல்டாவும் அவ்வாறே.

இந்த மண்ணுக்கடியிலும் எண்ணெயும் எரிவாயுவும் உண்டு. நரிமணம் கிணறுகளும் 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபின் மூண்ட போராட்டமும் அதற்குச் சான்று. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. முன்பே இயங்கியவற்றை விட்டுவைத்தது. வயலைக் காக்கும் அம்முடிவு சரியானதே. எனினும் தன் நிலத்தில் எரிவாயு எடுக்க வேண்டாம் என்ற பகுதி, கத்தார் எரிவாயுவில் விளைந்த உரத்தை இடுகிறது என்ற முரண் போராட்ட மேடைகளில் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளில் உழைத்துப் பணம் அனுப்பியுள்ளனர். ஆனால் அந்நாடுகளின் அரசியலைப் பற்றித் தமிழில் உள்ள ஆய்வு மிகக் குறைவு, கிடைப்பதும் பெரும்பாலும் பிறமொழிச் செய்திகளின் சுருக்கமே. இன்று பட்டம் பெறுவோரில் சிலரேனும் அரபியோ பாரசீகமோ கற்று, ரியாத், தெஹ்ரான், தோஹா ஆகியவற்றின் முடிவுகளை மூலமொழியிலேயே படித்து, அவற்றின் விளைவைத் திருவாரூர் உழவருக்கும் விளங்கும் தமிழில் எழுத முன்வர வேண்டும்.