முக்கொம்பு முதல் கல்லணை வரை: ஆற்றோடு ஒரு நாள்

(உலக சுற்றுலா தினத்தையொட்டி, திருச்சியில் கல்லூரி மாணவர்களிடையே நமது மின்னிதழின் உள்ளடக்க எழுத்தாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுற்றுலா பற்றிப் பேசுங்கள்" என்று சொன்னார்கள். உங்களில் பாதிப் பேர் திருச்சிக்காரர்கள். உங்களுக்கு நான் முக்கொம்பைப் பற்றியும் ஸ்ரீரங்கத்தைப் பற்றியும் சொன்னால், "இதை எங்ககிட்டயேவா?" என்று நினைப்பீர்கள். அதனால் ஊரைப் பற்றி மட்டும் இல்லாமல், ஒரு நாள் பயணத்தில் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டு வந்தேன்.

நான் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் காவிரி என்றால் ஒரு கேள்விதான்: "தண்ணி வந்துடுச்சா?" அந்தத் தண்ணீர் எங்கே, யாரால், எப்படிப் பிரிக்கப்பட்டு எங்களுக்கு வருகிறது என்று பார்த்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து சித்தி, சித்தப்பா, அவர்களின் இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஏழு. ஒரு வேன் பிடித்தோம். வழிகாட்டியாக, எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் மதகுகளை ஏற்றி இறக்குபவர், கரையைப் பார்த்துக்கொள்பவர். (நீங்கள் வழிகாட்டி அமர்த்தினால் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெரியவரிடம் இருந்தது ஓய்வூதியப் புத்தகம் மட்டும்தான். ஆனால் அவருக்கு ஆறு தெரியும்.)

காலை ஏழு மணிக்கு முக்கொம்பு. திருச்சியிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். ஒன்றாக வரும் காவிரி இங்கேதான் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகிறது. வருவது ஒன்று, போவது இரண்டு, ஆக மூன்று கொம்பு. பூங்கா, மீன் வறுவல் வாசனை, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பெரும்பாலானவர்கள் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர் எங்களை நேராகக் கதவணைப் பக்கம் அழைத்துப் போனார்.

"இந்த ரெண்டு ஆத்துல எது பெருசு, சொல்லும்மா?" என்று கேட்டார். காவிரிதான் என்றேன். சிரித்தார். "அகலமும் பள்ளமும் கொள்ளிடத்துக்குத்தான். விட்டா எல்லாத் தண்ணியும் அதுலதான் போவும்."

இதுதான் இந்த டெல்டாவின் அடிப்படை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் நடந்தது. கொள்ளிடத்தின் தரைமட்டம் தாழ்வு, சரிவு அதிகம். தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. காவிரி மணல் மேடிட்டது. தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் இங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். கொள்ளிடத்தின் வாயில் ஒரு தடுப்பு. பாசனத்துக்கு வேண்டிய தண்ணீர் காவிரியில், மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில். இன்று வரை ஏற்பாடு இதுதான். அந்தப் பழைய அணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. உங்களில் பலருக்கு நினைவிருக்கும், மணல் மூட்டைகளும் பாறைகளும் லாரி லாரியாக வந்தன. அதன் பிறகு கட்டியதுதான் இப்போதுள்ள புதிய கதவணை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது அங்கே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கொள்ளிடம் பக்கம் சில ஷட்டர்கள் மெதுவாக மேலே ஏறின. அடியில் வெள்ளை நுரையாகத் தண்ணீர் பீறிட்டது. பையன்கள் கத்தினார்கள். நான் வீடியோ எடுத்தேன். நல்ல வீடியோ. உடனே ஸ்டேட்டஸிலும் போட்டேன். போடும்போது போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. காவிரி, கொள்ளிடம், கரையோரம், பாதுகாப்பு என்று நான்கு வார்த்தை கண்ணில் பட்டது. விரலால் ஒதுக்கித் தள்ளினேன். ஏன் தெரியுமா? அது எனக்குப் பழகிய வாசகம். அந்த மாதிரி வாசகங்களை எழுதுவதே என் வேலை.

பெரியவரும் வேனில் ஏறும்போது சொன்னார்: "இன்னிக்கு கொள்ளிடம் பக்கம் எறங்க வேணாம்." காதில் விழுந்தது. சித்தி அப்போது காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஸ்ரீரங்கம். முக்கொம்பில் பிரிந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற தீவு இது என்பதை, வண்டியில் போகும்போது யாரும் உணர்வதில்லை. வழியில் மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளுடன் போனால் விட்டுவிடாதீர்கள். அரங்கநாதர் கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏழு பிரகாரம், 21 கோபுரம், 236 அடி உயர ராஜகோபுரம். அந்த ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று 1987-ல்தான் முழுமையடைந்தது என்றதும் என் தம்பி, "அப்போ நம்ம அப்பாவை விட சின்னதா?" என்றான். சித்தப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்து திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையிலேயே நீர் கசிகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மணல் பூமியில், நிலத்தடி நீர் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நாங்கள் போனபோது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. மதியம் சில மணி நேரம் சாத்திவிடுவார்கள். கிளம்பும் முன் அந்தந்தக் கோயிலின் இணையதளத்தில் நேரம் பார்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் பார்க்கவில்லை.

தவறு அங்கேதான் ஆரம்பித்தது. சாப்பிட்டாயிற்று. பெரியவர் ஒரு மர நிழலில் துண்டை விரித்துச் சற்றுக் கண்ணயர்ந்தார். கல்லணைக்கு மூன்று மணிக்குப் போகலாம் என்று ஏற்பாடு. பையன்களுக்குப் பொழுது போகவில்லை. வேனை எடுத்துக்கொண்டு வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். நடுவில் அங்கங்கே குட்டை. தூரத்தில் நாலைந்து பேர் கிரிக்கெட் ஆடிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "இறங்கலாமாக்கா?" என்றான் பெரியவன். "இது ஆறா, பாலைவனமாடா? வா" என்றேன்.

கரையை ஒட்டி ஒரு பள்ளம், பிறகு மணல் மேடு. மேட்டில் ஏறி விளையாடினார்கள். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கரையிலிருந்து ஒரு குரல். பெரியவர்! எழுந்து பார்த்து, எங்களைக் காணாமல், ஒரு ஆட்டோவில் வந்திருக்கிறார். துண்டைச் சுழற்றிக்கொண்டு, "ஏம்மா, பின்னாடி பாரு, பின்னாடி!" என்று கத்துகிறார்.

வெள்ளம் சினிமாவில் வருவது போலச் சுவர் மாதிரி முன்னால் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தில் சத்தமே இல்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தது. வரும்போது காய்ந்த மணல், இப்போது கலங்கலாக ஓடும் வாய்க்கால். தண்ணீர் மேட்டுக்கு வருவதற்கு முன் பள்ளத்தைத்தான் தேடும். மேட்டில் நிற்பவனுக்குக் கால் நனையாது, ஆனால் கரைக்குப் போகும் வழி போய்விடும். சின்னவனைத் தூக்கிக்கொண்டேன், பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முழங்கால் அளவு. பெரியவனுக்குத் தொடை வரை. காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போவது தெரிந்தது. ஒரு செருப்பும் போனது. பெரியவர் பாதி தூரம் இறங்கி வந்து துண்டை நீட்டி இழுத்தார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்ற மேடு தீவாகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. "காலையில நீதானேம்மா வீடியோ எடுத்த? அந்தத் தண்ணிதான் இது" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு அந்தக் குறுஞ்செய்தியை எடுத்து முழுசாகப் படித்தேன். எல்லாம் இருந்தது. எவ்வளவு கன அடி, எந்த ஆறு, யார் கவனமாக இருக்க வேண்டும். கடைசியில், "கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்". நான் கரையோர மக்கள் இல்லையே! சுற்றிப் பார்க்க வந்தவள். அந்த வரி என்னைக் கூப்பிடவில்லை. அதே வரியை நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இப்போதெல்லாம் "கொள்ளிடம் காய்ந்து தெரிந்தாலும் இன்று இறங்காதீர்கள்" என்று முதல் வரியிலேயே எழுதப் பார்க்கிறேன். சில நாள் என் வரி நிற்கும். சில நாள் பழைய வரியே திரும்பி வந்துவிடும்.

இந்தக் கன அடிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்தியில் வருகிற எண் நமக்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். வினாடிக்கு 1,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கும் மேல், ஒவ்வொரு வினாடியும் உங்களைக் கடந்து போகின்றன. 50,000 கன அடி என்றால் வினாடிக்கு நூறு லாரிக்கும் மேல். இந்தக் கணக்கோடு செய்தியைப் படியுங்கள்.

இன்னொன்று. "மேட்டூரில் திறந்தால்தானே வரும்?" என்று கேட்பார்கள். மேட்டூரில் திறந்தால் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். 2022-ல் மே 24 அன்று மேட்டூர் திறந்தது, மே 27-ல் கல்லணை திறந்தது. ஆனால் மேட்டூருக்குக் கீழேதான் பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன. அங்கே மழை பெய்தால், மேட்டூரில் திறப்பு குறைவாக இருந்தாலும் முக்கொம்புக்கு வெள்ளம் வரும். முக்கொம்பில் ஷட்டர் ஏறினால் சில மணி நேரத்தில் ஸ்ரீரங்கம் பக்கம் கொள்ளிடத்தில் இருக்கும். அதனால் கிளம்பும் நாள் காலையில் மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலியைத் திறந்து பாருங்கள், எச்சரிக்கை தமிழிலேயே இருக்கும். போனில் அறிவிப்பு அனுமதியை அணைத்து வைத்திருந்தால் அது இருந்தும் பயனில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவிக்கு 112. யாராவது மணலில் இருப்பதைப் பார்த்தால் வீடியோ எடுப்பதற்கு முன் ஒரு சத்தம் போடுங்கள். எங்களுக்கு அதுதான் உயிரைக் காப்பாற்றியது.

கல்லணைக்குப் போனோமா என்று கேட்பீர்கள். போனோம். சித்தி வேண்டாம் என்றார். பெரியவர்தான், "இப்பப் பயந்து போனா பசங்க ஆயுசுக்கும் ஆத்தப் பாத்துப் பயப்படுவாங்க" என்றார். எனக்கு ஒரு கால் செருப்பு இல்லை. திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகிற அந்தச் சாலைக்காகவே ஒருமுறை போகலாம்.

கல்லணையில் நாம் நடந்து போகும் பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்தவை. கரிகாலன் கட்டியது அதற்கு அடியில், வளைந்து நெளிந்து கிடக்கிற 1,080 அடி நீளக் கல் மேடு. பாறையில் ஊன்றிக் கட்டவில்லை, ஆற்று மணலில் கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இங்கேதான் கற்றோம் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார். அதைக்கொண்டு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார்.

இங்கே தண்ணீர் நான்காகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கல்லணைக் கால்வாய்தான் இவற்றில் இளையது, மேட்டூர் அணையோடு 1934-ல் வந்தது. எங்கள் பக்கம் புது ஆறு என்போம். அதன் தலைப்பில் நின்று பார்த்தேன். பச்சையாக, அமைதியாக, ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் எங்களைத் துரத்திய அதே காவிரித் தண்ணீர்தான். பெரியவர் என் பக்கத்தில் வந்து, "உங்க ஊருக்கு இது போய்ச் சேர நாளாவும். தூர் வாரியிருந்தா சீக்கிரம் போவும்" என்றார். அப்பாவுக்கு போன் போட்டு, "புது ஆத்துத் தலைப்புல நிக்கிறேன்ப்பா" என்றேன். "எத்தன கன அடி விட்டிருக்கான்?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

போக்குவரத்துக்குச் சொல்லிவிடுகிறேன். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் பஞ்சப்பூரில் இறங்கி சத்திரம் வர வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டுமானால் காலையில் முக்கொம்பு, மாலையில் கல்லணை என்று வையுங்கள், ஆறு போகிற திசையிலேயே நீங்களும் போவீர்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கல்லணையில் எந்தக் கடையில் மீன் நல்லா இருக்கும்னு மட்டும் கேக்காதீங்க, அதை அரசு மின்னிதழில் போட முடியாது. தனியா வந்து கேட்டா சொல்றேன்.