எதையும் மூழ்கடிக்காத ஒரு போர்க்கப்பல்

போர்க்கப்பல்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது விமானம் தாங்கிக் கப்பல், இல்லைன்னா சினிமாவில் வெடித்துச் சிதறுகிற பெரிய கப்பல். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த மாதிரி இல்லை. 173 அடி நீளம், 23 அடி அகலம். இரண்டு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால், அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். பேர்கூட கிடையாது, வெறும் நம்பர். யுஎஸ்எஸ் பிசி-1264. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படைக் கப்பல்.

இதன் வேலை என்னன்னா, கரையோரமாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவது, ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடித் துரத்துவது. 1942 தொடக்கத்தில் அந்த நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கே வந்துவிட்டன. கரையோர ஊர்களில் விளக்குகளை அணைக்கவே இல்லை. அந்த வெளிச்சத்தின் முன்னால் எண்ணெய்க் கப்பல்கள் நிழலாகத் தெரிய, ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளினார்கள். அப்போதுதான் இந்த மாதிரிச் சின்னக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டன. மாலுமிகளுக்குப் பயிற்சி மயாமியில். அந்தப் பயிற்சி மையத்துக்கு ‘டொனால்ட் டக் நேவி’ன்னு ஒரு பட்டப்பெயரே உண்டு. பெரிய கப்பல்காரர்களின் கிண்டல், வேறென்ன.

நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில், ஹார்லெம் ஆற்றங்கரையில் இருந்த கப்பல் பட்டறையில் கட்டப்பட்ட பிசி-1264, 1944 ஏப்ரல் 25 அன்று பணியில் சேர்ந்தது. இதுவரைக்கும் இதில் எந்த விசேஷமும் இல்லை. விசேஷம் அதில் ஏறிய ஆட்கள்தான். கப்பலில் மொத்தமே அறுபதுக்குக் கொஞ்சம் மேல். அதில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருப்பின மாலுமிகள்.

‘இதுல என்ன இருக்கு?’ன்னு கேட்பீங்க. 1942 ஜூன் வரை அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேரும் ஒரு கருப்பினத்தவருக்குக் கிடைத்த வேலை, அதிகாரிகளுக்குச் சமைப்பது, பரிமாறுவது, துணிமணி பார்ப்பது. பேர்ல் ஹார்பரில் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்ட டோரி மில்லர் நினைவிருக்கிறதா? அவருக்கு அந்தத் துப்பாக்கியில் பயிற்சியே கொடுத்ததில்லை. அன்று காலை அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை, அழுக்குத்துணி சேகரிப்பது. 1942க்குப் பிறகு மற்ற வேலைகளுக்கும் ஆள் எடுத்தார்கள். ஆனால் பெரும்பாலும் கரையிலும் துறைமுகத்திலும்தான். கப்பலை ஓட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாமா என்று கடற்படைக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு இரண்டு சோதனைக் கப்பல்கள். ஒன்று யுஎஸ்எஸ் மேசன். இன்னொன்று இது.

எனக்கு இந்தச் ‘சோதனை’ங்கிற வார்த்தைதான் உறுத்துகிறது. எத்தனையோ கப்பல்கள் அந்தப் போரில் தரைதட்டின, மோதிக்கொண்டன. அதுக்காக ‘வெள்ளைக்காரர்களுக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது’ன்னு யாரும் அறிக்கை எழுதவில்லை. இங்கே ஒரு ஆள் சுக்கானைத் தப்பாகத் திருப்பினால் மொத்த இனத்தின் கணக்கில் ஏறும்.

தளபதி எரிக் பர்டன், வெள்ளையர். மற்ற அதிகாரிகளும் அப்படியே. ஆரம்பத்தில் அனுபவமுள்ள கீழ்நிலை அதிகாரிகளாகச் சில வெள்ளையர்களைப் போட்டார்கள். ஏன்னா, அந்த அனுபவத்தைச் சம்பாதிக்கக் கருப்பின மாலுமிகளுக்கு அதுவரை வாய்ப்பே தரவில்லை. அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், இவர்கள் கற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அவர்களை இறக்கிவிட்டு, அந்த இடங்களையும் கருப்பின மாலுமிகளே பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின், ரேடியோ, பீரங்கி, சுக்கான், சோனார், எல்லாம்.

சோனார் வேலை சும்மா இல்லை. தண்ணீருக்குள் ஒரு ஒலியை அனுப்பிவிட்டு, அது எதிரொலித்துத் திரும்புகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்கணும். திரும்பி வருவது நீர்மூழ்கியா, திமிங்கிலமா, மீன்கூட்டமா? அதைச் சொல்ல வேண்டியது காது. இதையெல்லாம் உருளைக்கட்டை மாதிரி ஆடுகிற ஒரு கப்பலுக்குள் உட்கார்ந்து செய்யணும்.

நியூயார்க்கிலிருந்து ஃப்ளோரிடா, கியூபா வரைக்கும் காவல் போய் வந்தார்கள். எந்த நீர்மூழ்கியையும் மூழ்கடித்ததாக இதன் கணக்கில் பதிவில்லை. ‘அவ்வளவுதானா?’ன்னு தோணும். ஆனால் காவல் கப்பலின் நல்ல நாள் என்பது எதுவும் நடக்காத நாள். அந்த அலுப்பான பதிவேடுதான் கடற்படையின் கேள்விக்குப் பதில்.

1945 மே மாதம் சாமுவேல் கிரேவ்லி என்ற 22 வயது இளைஞர் கப்பலில் சேர்ந்தார். கருப்பினத்தவர், அதுவும் அதிகாரி. மயாமியில் கரைக்குப் போனபோது ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அதிகாரி வேடம் போட்டாராம். நாட்டுக்காகப் போர்க்கப்பலில் வேலை பார்க்கிறவர், சொந்தச் சீருடைக்கே சாட்சி சொல்ல வேண்டிய நிலைமை.

போர் முடிந்தது. 1946 பிப்ரவரி 7 அன்று கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். சரியாக 20 நாள் கழித்து, பிப்ரவரி 27, கடற்படை ஒரு சுற்றறிக்கை விட்டது: கருப்பின மாலுமிகளை எந்தக் கப்பலிலும் எந்த வேலையிலும் போடலாம், தடை கிடையாது. ஒரே ஒரு கப்பலால் வந்த மாற்றம்னு நான் சொல்லமாட்டேன். அழுத்தம் பல பக்கமிருந்தும் வந்தது. முழு மனசோடும் செய்யவில்லை, ஒரு கப்பலில் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்ற வரம்பும் கூடவே வந்தது. ஆனால் ‘அவங்களால முடியுமா?’ என்ற கேள்வியை இனி யாரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்க முடியாது.

கிரேவ்லி 1946இல் பணியிலிருந்து விலகி, 1949இல் மறுபடியும் கடற்படைப் பணிக்கு வந்தார். 1962இல் யுஎஸ்எஸ் ஃபால்கவுட்டின் தளபதி. 1971இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் கருப்பின அட்மிரல். 1976இல் மூன்றாவது கடற்படைப் பிரிவே அவர் கையில். 2010இல் அவர் பெயரையே தாங்கிய ஒரு டெஸ்ட்ராயர் கப்பல் பணியில் சேர்ந்தது.

பிசி-1264? அதை விற்றுவிட்டார்கள். நியூயார்க் ஸ்டேட்டன் தீவில், ஆர்தர் கில் என்ற நீர்வழியின் ஓரம், பழைய கப்பல்களைக் கொண்டுவந்து விடுகிற இடம் ஒன்று இருக்கு. அங்கே மற்ற கப்பல் கூடுகளுக்கு நடுவில் இதுவும் துருப்பிடித்துச் சேற்றில் நின்றது. படம் எடுக்கிறவர்கள் சின்னப் படகில் போய்த் தேடிப் பார்ப்பார்கள்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.