திருத்தினவன் கையெழுத்து எங்கே?

(அகரத்தில் நடந்த இலக்கியச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



'எதை எழுதுறதுன்னே தெரியலண்ணே' என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டில் சொன்ன பழைய கதைகளில் எந்த இடம் இடிக்குதோ அங்கே போய் நில்லுங்கள். அதுதான் உங்கள் கதை.

மதுரை வீரனை எடுங்கள். அச்சான கதைப்பாடலில் அவன் காசிராசன் பிள்ளை. மாலை சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, காட்டில் விட்டுவிடுகிறார்கள். நம்ம சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அவன் ராசா பிள்ளைதான். என் அப்பத்தா சொன்ன கதையில் காசியே கிடையாது. 'அவன் செல்லி பெத்த புள்ளடா' என்று முடிச்சிரும்.

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட செருப்பு, யாரோ போட்டு நடந்த மாதிரி தேய்ந்திருக்குமாம். இந்தப் பட்டவராயன் முத்துப்பட்டன் என்ற பார்ப்பனன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்தவன். அவன் கதைப்பாடலை நா. வானமாமலை 1971இல் பதிப்பித்தார். அந்தப் பெண்களும் பார்ப்பன வயிற்றில் பிறந்து பகடை வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒரு வடிவம் சொல்கிறது. அது பின்னால் நுழைத்த மாற்றம் என்பது நா.வா. கருத்து.

'ரோமாபுரியைக் கட்டிய ரோமுலசும் அரச ரத்தம், ஆட்டிடையன் வளர்த்த பிள்ளை. உலகம் பூரா இருக்கிற கதைக்கூறுதானே இது' என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். நம்ம ஊரில் அது யாருக்குப் பயன்பட்டது என்பதுதான் என் கேள்வி. வீரம் வேண்டும், காதல் வேண்டும். சேரி வயிறு மட்டும் ஆகாது.

நான் வங்கியில் குமாஸ்தா. பேரேட்டைக் கையால் எழுதிய காலத்தில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்தக் கதைகளைத் திருத்தினவன் எவனும் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கையைத் தேடுவதுதான் நமக்குப் புனைவு. அம்மானை அச்சுக்குப் போகும் முந்தின ராத்திரி, எழுத்துக் கோக்கிறவன் முன்னால் செல்லி வந்து நின்றால் என்ன கேட்பாள்? எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பத்தா கதை சொல்லும்போதெல்லாம் என் அப்பா குறுக்கே விழுவார்: 'சும்மா இரு ஆத்தா, வீரன் ராசா புள்ள.' பெருமையாகத்தான் சொன்னார். நம்ம வயிற்றில் வீரன் பிறப்பான் என்று நம்ப அவருக்கே கூச்சம். அந்தக் கூச்சத்தையும் எழுதணும் தோழர்களே. திருத்தின கை வெளியில் மட்டும் இல்லை.

ஒரு நிபந்தனை. நாமும் கற்பனை சேர்க்கிறோம். அதை வரலாறு என்று சொல்லி விற்காதீர்கள். கதை என்று சொல்லி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.