சோயாவுடன் சேரும் கோதுமை

மணிமங்கலத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும் 2010இல் ஒரகடத்தில் நிசான் கார்களும் உருவாகத் தொடங்கிய பின், கொரிய, ஜப்பானியக் குடும்பங்களோடு அவர்களுடைய நொதித்த சோயா உணவுகளும் இவ்வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. சோயா ஒரு பயறு. அதில் குளூட்டன் இல்லை. ஆயினும் குளூட்டன் ஆகாதவர்கள் இவ்வுணவுகளைப் பெயரை மட்டும் நம்பி உண்ணலாகாது. அதற்குச் சோயாவுடன் சேர்த்துப் புளிக்கவைக்கப்படும் தானியமே காரணம்.

குளூட்டன் என்பது கோதுமை மாவுக்கு இழுவை தரும் புரதம். அதன் இனப் புரதங்கள் பார்லியிலும் ரை தானியத்திலும் உள்ளன. சீலியாக் நோய் உள்ளவர் இவற்றை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைக்கிறது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே அதற்குரிய சிகிச்சை.

வழக்கமான ஜப்பானியச் சோயா சாஸில், வேகவைத்த சோயாவும் வறுத்து உடைத்த கோதுமையும் ஏறத்தாழச் சம அளவில் கலக்கப்பட்டு, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூசணம் தூவப்படுகிறது. சில நாள்களில் மஞ்சள்பச்சைப் படலம் போர்த்திய அந்தக் கலவை உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறும்போது, பூசணத்தின் நொதிகள் புரதங்களை அமினோ அமிலங்களாக உடைத்துச் சுவை தருகின்றன. கோதுமைப் புரதமும் இவ்வாறு உடைவதால், நொதித்தபின் தீங்கில்லை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை ஏற்பதற்கில்லை. முழுப் புரதத்தைக் கண்டறியும் வழக்கமான சோதனைக்கு உடைந்த துண்டுகள் தப்பிவிடக்கூடும் என்பதாலேயே, நொதித்த உணவுக்குக் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற பெயர் வேண்டுமானால் மூலப்பொருள் நொதிப்பதற்கு முன்பே அத்தகுதியைப் பெற்றிருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2020இல் விதி வகுத்தது.

தமாரி என்ற சாஸ் பெரும்பாலும் கோதுமையின்றியே செய்யப்படுகிறது, எனினும் சில தயாரிப்புகளில் சிறிது சேர்வதுண்டு. மிசோ என்னும் சோயா விழுதில் அரிசி வகையும் உண்டு, பார்லி வகையும் உண்டு. கொரியரின் தொயென்ஜாங் விழுது மரபுப்படி சோயாவும் உப்பும் மட்டுமே கொண்டது, ஆலைத் தயாரிப்புகளிலோ கோதுமை கலப்பது வழக்கம். கொச்சுஜாங் மிளகாய் விழுதிலும் கோதுமையோ பார்லி முளைமாவோ சேர்வதுண்டு. நாட்டோ வெறும் சோயாவே, ஆனால் உடன்வரும் சிறு பொட்டலச் சாஸில் கோதுமை இருக்கக்கூடும். நொதித்த சோயா உணவுகளான நாகாலாந்தின் அகுனியும் மணிப்பூரின் ஹவாய்ஜாரும் தானியக் கலப்பற்றவை.

2016இல் வெளியான ஓர் ஆய்வு, வட இந்தியப் பெரியவர்களில் 1.23 விழுக்காட்டினருக்கும் தென்னிந்தியரில் 0.10 விழுக்காட்டினருக்கும் சீலியாக் நோய் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒத்திருக்க, உண்ணும் கோதுமையின் அளவே பெரிதும் வேறுபட்டது. வட மாநிலத் தொழிலாளர்கள் திரளாக வாழும் ஒரகடம் வட்டாரத்தில் அது கருதத்தக்க செய்தி. சாலையோர ஃபிரைடு ரைஸ் அரிசி உணவேயாயினும், அதில் ஊற்றப்படும் சோயா சாஸின் புட்டியில் ஒவ்வாமைக் குறிப்பாகக் ‘கோதுமை’ அச்சிடப்பட்டுள்ளதா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. இந்திய விதிப்படி, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாத உணவே குளூட்டனற்றது எனப்படும். நம்மூர்ச் சாம்பாரும் இந்த எச்சரிக்கைக்கு விலக்கன்று: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருப்பதால், சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தைத் தேடி வாங்க வேண்டும்.