முகம் மட்டும் தனியா மெலியுமா?

(கூட்டமைப்பின் மகளிர் தின நிகழ்ச்சியில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன மாசம் எங்க குழுவில் சேமிப்புப் பணம் எண்ணி முடிச்சதும் ஒரு தங்கச்சி செல்போனில் வீடியோ காட்டினா. வாயை உப்பி, தாடையைத் தூக்கி தினம் 10 நிமிஷம் செஞ்சா முகம் ஒல்லியாயிடுமாம். எல்லாரும் செஞ்சு பார்த்துச் சிரிச்சோம். எனக்குத்தான் சிரிப்பு வரல. இதையே மூணு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு செஞ்சவ நான்.

என் முகம் உருண்டை ஆனப்போ, "லோன் வந்ததும் பளபளன்னு ஆயிட்டியே"ன்னு சொன்னாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பிடரியில் சதை திரண்டது. வயிறு பெருத்து, கையும் காலும் குச்சியாயிடுச்சு. ராத்திரி சோற்றை நிறுத்தினேன். முகம் குறையல, களை எடுக்கிற இடத்தில் மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றுதான் கேட்டார். மூட்டு வலிக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு வருஷமா கடையில் வாங்கின பொட்டலத்தைக் காட்டினேன். அதில் ஒன்று ஸ்டீராய்டு. வலி சட்டுன்னு குறையும். ஆனால் மாசக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டுவிடும், எலும்பு பலம் குறையும், சர்க்கரை ஏறும். எனக்கு ஏறியிருந்தது.

"இன்னைக்கே தூக்கி எறியறேன்"னு சொன்னேன். டாக்டரம்மா பதறிட்டாங்க. ரொம்ப நாள் சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். பழைய முகம் வர பல மாசம் ஆச்சு.

சிவப்பழகு கிரீம் சிலதிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருக்கு. தோல் மெலிஞ்சு சிவந்து போகும். நம்மிலேயே சிலபேர் கூடுதல் வருமானத்துக்குக் கிரீம் விக்கிறோம். கோவிச்சுக்காதீங்க, சொல்லித்தான் ஆகணும்.

மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கும் முகம் வீங்கும். கூடவே அசதி, மலச்சிக்கல், மாதவிலக்குத் தாறுமாறு இருந்தால் தைராய்டு பாருங்க. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்கணும். அதைத் தள்ளிப்போடாதீங்க.

இது எதுவும் இல்லை, சும்மா சதைதான் என்றால், முகத்தை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. உடம்பு மொத்தமாக் குறையும்போது முகமும் குறையும். எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். நாளைக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் சீனி. 10 ஸ்பூன்! கூட்டத்து டீயைச் சேர்க்காமலே. இப்போ 2 டீ, அரை ஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் என்றைக்காவதுதான். உப்பு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு ஸ்பூனுக்குள் போதும். சோற்றைக் குறைச்சு, கீரையும் பயறும் கூட்டிக்கிட்டேன். வேளைச் சாப்பாட்டைத் தள்ளுறதே இல்லை. நாலு பேர் சேர்ந்து வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் கையை வீசி நடக்கிறோம். வயல் வேலை செய்றவளுக்கு நடை எதுக்குன்னு கேட்பீங்க. எங்களில் முக்கால்வாசிப் பேர் இப்போ தையல் மெஷினில் உட்கார்ந்தவங்கதானே!

அடுத்த கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியர் வர்றதா சொல்லியிருக்காங்க. பாஸ் புக்கோட, வீட்டில் இருக்கிற மாத்திரை, கிரீம் எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க.